பாவும் பட்டமும்

ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் பண்பொழியில் யாருக்கும் அவசரம் என்பதே இருக்காது. குற்றாலத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதே சாரல் வடக்கே சில மைல் நடந்து வந்து, திருமலைக் குமாரசுவாமியின் குன்றைச் சுற்றிக்கொண்டு நிற்பதை அவர்கள் பார்ப்பதில்லை. அறுநூற்றுச் சொச்சம் படிகளை ஏறி இறங்கி வந்த ஒரு மாலையில், மழைக்கு ஒதுங்கிய டீக்கடையில்தான் அந்தப் பெரியவரை மறுபடி சந்தித்தேன்.

அவர் கடையநல்லூர்க்காரர். பக்கத்து வடகரையில் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். என் தகப்பனார் காலத்தில் எங்கள் வீட்டு வேஷ்டியும் துண்டும் அவர் தறியிலிருந்துதான் வரும். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். தறியைக் கழற்றி விற்று வெகு காலம் ஆகிவிட்டது.

"தம்பி, நீங்க நாலு எழுத்து எழுதுறவுக. உங்ககிட்ட ஒரு சங்கதி கேக்கணும்" என்றார்.

"கேளுங்க மாமா."

"எம் பேத்தி பன்னெண்டாங் கிளாஸ் முடிச்சிட்டா. காலேஜுல சேந்து துணி படிக்கப் போறேங்கா."

"நல்லதுதானே!"

"என்ன நல்லது? ஏழு வயசுல எங்க வாப்பா என்னத் தறிக்குழியில எறக்கி விட்டாக. அம்பது வருசம் நெசவு செஞ்சேன். அப்பம் ஒருத்தரும் எங்கிட்ட மார்க்குச் சீட்டு கேக்கல. இப்பம் எங்க தொழிலப் படிக்கதுக்கு நாங்களே பணம் கட்டிப் போகணுமா? எங்களுக்குத் தெரியாத எதை அங்க சொல்லிக் குடுக்கப் போறாக?"

பட்டம் எதுவும் வாங்காத என்னிடம் இந்தக் கேள்வி வந்து சேர்ந்ததுதான் வேடிக்கை. அந்த நேரத்துக்கு என்னவோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. ஒரு மாத காலம் கிடைத்த புத்தகங்களையெல்லாம் புரட்டினேன். அப்போது தெரிந்துகொண்ட சரித்திரத்தைத்தான் இங்கே வாசகர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்தத் தறிக்குழியைப் பற்றிச் சொல்லவேண்டும். வீட்டின் முன் அறையில் முழங்கால் ஆழத்துக்கு மேல் ஒரு குழி. நெசவாளி அதன் விளிம்பில் உட்கார்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிகளை மிதிப்பார். தரை மட்டத்தில் பாவு விரிந்திருக்கும். நீளவாக்கில் ஓடும் இழைகள் பாவு. குறுக்கே நாடா கொண்டு போகும் இழை ஊடை. மண்ணின் ஈரம் இழையை வறண்டு அறுந்துபோகாமல் காக்கும் என்பதற்காகவே அந்தக் குழி. இந்த உண்மையை எந்தப் புத்தகத்தைப் பார்த்து அந்த நாளில் கண்டுபிடித்தார்கள்?

அங்கேயும் வகுப்புகள் இருந்தன. முதல் வகுப்பு தார் சுற்றுவது. அடுத்தது அறுந்த இழையை முடிச்சுத் தெரியாமல் முடிவது. அதற்கடுத்து அச்சில் இழை கோப்பது. பிறகுதான் வெறும் துணி நெய்யலாம். கரை போடுவதும் பூப்போடுவதும் மேல் வகுப்பு. பரீட்சை அதிகாரி, கூலி கொடுக்கும் வியாபாரி. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஓரிடத்தில் இழை தளர்ந்திருந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார். சர்வகலாசாலைப் பரீட்சையில் முப்பத்தைந்து மார்க்கு வாங்கித் தப்பிக்கலாம். இந்தப் பரீட்சையில் நூற்றுக்கு நூறுதான் தேறுதல்.

ஆகவே பெரியவருடைய கோபத்தில் அர்த்தம் இருக்கிறது. சரித்திரத்தைப் பார்த்தால் அந்தக் கோபத்துக்கு இன்னும் பலமான ஆதாரம் கிடைக்கிறது.

இந்தியத் துணிகளைப் பாடமாக்கிய முதல் பெரும் புத்தகங்களுள் ஒன்று 1866ல் லண்டனில் தயாராயிற்று. தயாரித்தவர் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்ஸன் என்ற வைத்தியர். அதில் எழுத்தைவிடத் துணியே அதிகம். இந்தியாவின் பல பகுதிகளில் நெய்யப்பட்ட வேஷ்டி, சேலை, தலைப்பாகை முதலியவற்றை வெட்டி, எழுநூறு மாதிரித் துண்டுகளை 18 தொகுதிகளில் ஒட்டினார்கள். இப்படி இருபது பிரதிகள். அவற்றில் பதின்மூன்று பிரிட்டனுக்கு, ஏழு இந்தியாவுக்கு. எதற்காக இந்தச் சிரமம்? இந்திய ஜனங்கள் எந்த நீளத்தில், எந்த அகலத்தில், எந்தக் கரை போட்டு உடுத்துகிறார்கள் என்று பிரிட்டிஷ் ஆலைக்காரர்கள் ஊரை விட்டு நகராமலே தெரிந்துகொள்ளவேண்டும். தெரிந்துகொண்டு அதே மாதிரி நெய்து இங்கே விற்கவேண்டும். பாடம் சொல்லிக் கொடுத்தவன் நமது நெசவாளி. படித்துத் தேறியது மான்செஸ்டர். குருதட்சிணையாக வாத்தியாருடைய கட்டைவிரலைக் கேட்ட கதை போல ஆயிற்று. பாரதக் கதையில் சீஷனுடைய விரல் போயிற்று, இங்கே வாத்தியாருடையது போயிற்று. வித்தியாசம் அவ்வளவுதான்.

அங்கே அதோடு நிற்கவில்லை. 1874ல் யார்க்‌ஷயர் மாகாணத்து லீட்ஸ் நகரில் ஒரு கல்லூரி ஏற்பட்டது. லண்டன் துணி வணிகர்களின் பழைய சங்கம் ஒன்று பணம் கொடுத்து, அங்கே நெசவுக்கென்று தனித் துறையே வைக்கச் செய்தது. அந்தக் கல்லூரிதான் வளர்ந்து 1904ல் லீட்ஸ் சர்வகலாசாலை ஆயிற்று. துணி விற்றவர்கள் துணிப் படிப்புக்குப் பணம் போட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கை வேலை என்று கருதியதைச் சர்வகலாசாலையில் உட்கார வைக்க அவர்கள் வெட்கப்படவில்லை.

நம் தேசத்தில் பம்பாய் முந்திக்கொண்டது. 1887ல் அங்கே விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பப் பள்ளி ஏற்பட்டது. ஆலைகள் பெருகிவிட்டன, அவற்றை நடத்த ஆள் வேண்டும், எத்தனை காலத்துக்கு லங்காஷயரிலிருந்தே மேஸ்திரிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவருவது? அந்தப் பள்ளி இன்றும் இருக்கிறது. 1997 முதல் வீரமாதா ஜீஜாபாய் பெயரால் வழங்குகிறது.

நம் சீமையிலும் அதே தசாப்தத்தில்தான் ஆலைச் சங்கு ஊதத் தொடங்கியது. பாபநாசத்தில் ஹார்வி சகோதரர்கள், மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தைக் கொண்டே நூற்பாலையை ஓட்டினார்கள். 1888ல் தூத்துக்குடியில் கோரல் ஆலை வந்தது, 1908ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை அதன் தொழிலாளருக்காக வேலைநிறுத்தத்தை முன்நின்று நடத்தியது எல்லாருக்கும் தெரிந்த சரித்திரம். ஆலை நூல் வந்ததும் ராட்டை மூலைக்குப் போயிற்று. ஆலைத் துணி வந்ததும் தறி ஆட்டங்கண்டது.

சென்னையில் இதைப் பற்றிக் கவலைப்பட்டவர்களில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்கார எஞ்சினீயர் முக்கியமானவர். 1888ல் எஞ்சினீயரிங் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தவர். அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர் 1850ல் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளி பிற்பாடு இவர் பொறுப்பில் வந்தது. (துணிக்கும் வைத்தியர்களுக்கும் என்ன ஜாதகப் பொருத்தமோ!) கயிற்றைச் சுண்டினால் தானே ஓடும் நாடாவை ஜான் கே என்ற ஆங்கிலேயர் 1733லேயே கண்டுபிடித்துவிட்டார். அதை நம் தறிக்குப் பொருத்தினால் அதே நேரத்தில் கூடுதலாக நெய்யலாமே என்று சாட்டர்டன் பரீட்சித்துப் பார்த்தார். 1906 வாக்கில் சேலத்தில் ஒரு நெசவுச் சாலையும் தொடங்கினார். நெசவாளிகளை ஒரே கூரையின் கீழ் சேர்த்து, நல்ல தறியும் கூலியும் கொடுத்துக் காட்டுவது அவர் திட்டம்.

திட்டம் நல்லதுதான். ஆனால் நெசவாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் என்றால் தாத்தா முதல் பேரன் வரை எல்லாருக்கும் வேலை உண்டு. நினைத்தபோது உட்காரலாம், நினைத்தபோது எழுந்திருக்கலாம். மணி அடித்ததும் வந்து, மணி அடித்ததும் போகிற உத்தியோகம் அவர்களுக்குச் சிறையாகத் தோன்றிற்று. இதற்கிடையில் லண்டனிலிருந்து மார்லி பிரபுவின் உத்தரவு வந்தது. சர்க்கார் தொழில் கற்பிக்கலாம். தானே தொழில் நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். 1910ல் சேலத்துச் சாலை மூடப்பட்டது.

பின்னால் கைத்தொழில் இலாகா, நெசவு போதிக்கும் குழுக்களை ஊர் ஊராக அனுப்பிற்று. புது நாடா மெள்ள மெள்ளத் தறிகளில் ஏறியது. வங்காளத்தில் 1908லேயே சேராம்பூரில் நெசவுக்கென்று அரசாங்கப் பள்ளி தோன்றிவிட்டது. ஆனால் இவற்றிலெல்லாம் நெசவாளி மாணவனாகத்தான் மதிக்கப்பட்டானே தவிர, அவனுக்கும் சொல்லிக் கொடுக்க ஏதோ இருக்கிறது என்று நினைத்தவர்கள் சொற்பம்.

இந்தக் காலத்தில் கடையநல்லூர் என்ன செய்தது? கப்பலேறிற்று. தறி சோறு போடவில்லை என்றதும் அவ்வூர் முஸ்லிம் நெசவாளிகள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். மற்றப் பலரைப் போல ஆண்கள் மட்டும் போகாமல், குடும்பத்தோடு போய்க் குடியேறினார்கள். 1941ல் சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். யுத்தம் முடிந்த மறு வருஷமே, 1946ல், உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். 1960ல் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982 வரை நடந்தது.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். படிப்பின் அருமை தெரியாதவர்கள் நெசவாளிகள் என்று யாராவது சொன்னால், சிங்கப்பூரைக் காட்டலாம். கடல் கடந்து போன இடத்தில், உழைத்த காசில் பள்ளிக்கூடம் கட்டியவர்கள் அவர்கள். ஆனால் தாம் விட்டுவந்த தறியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க அவர்கள் கட்டவில்லை. மொழியைக் காப்பாற்றக் கட்டினார்கள். தறி தம்மோடு முடியட்டும் என்றுதான் நினைத்திருப்பார்கள். தகப்பன் தன் கஷ்டத்தைப் பிள்ளைக்குச் சொத்தாக எழுதி வைப்பானா?

நம் பக்கத்தில் துணிப் படிப்பு சர்வகலாசாலைக்குள் நுழைந்தது 1944ஐ ஒட்டித்தான். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோயமுத்தூரில் ஆலைகள் மளமளவென்று எழுந்தன. நூல் அறிந்த எஞ்சினீயர்கள் தேவைப்பட்டார்கள். காரைக்குடி வள்ளல் அழகப்பச் செட்டியார், தாமே திருச்சூர்ப் பக்கத்தில் துணி ஆலை வைத்திருந்தவர், சென்னைச் சர்வகலாசாலைக்கு ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்தார். அவர் பெயரால் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி ஏற்பட்டது. ரசாயன எஞ்சினீயரிங், தோல், ஜவுளி ஆகியவை அதன் ஆதித் துறைகள். 1978ல் அக்கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. 1956ல் கோயமுத்தூரில் ஆலைகளுக்கான ஆராய்ச்சிச் சங்கமும் ஏற்பட்டது. சிட்ரா என்றால் இன்று யாருக்கும் தெரியும்.

அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள்? ஓர் உதாரணம் போதும். நூலுக்கு நம்பர் உண்டு. 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு ராத்தல் எடை வருமோ, அத்தனைதான் நம்பர். அறுபது சிட்டம் சேர்ந்தால் அறுபதாம் நம்பர் நூல். நம்பர் ஏற ஏற இழை மெலியும். மாணவன் இதைத் தராசில் நிறுத்துக் கண்டுபிடிக்கிறான். டீக்கடையில் என் துண்டு நுனியிலிருந்து ஓர் இழையை உருவி அந்தப் பெரியவர் கையில் கொடுத்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு முறை உருட்டினார்.

"நாப்பது. மில்லு நூலு" என்றார்.

விரலுக்குத் தெரிகிறது. ஆனால் விரலோடு போய்விடுகிறது. தராசுக்குத் தெரிந்தது, தராசு உடைந்தாலும் ஏட்டில் நிற்கிறது. பள்ளிக்கும் பட்டறைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போது விளங்கிற்று.

இதுவரை சொன்னது துணி எப்படி ஆகிறது என்ற படிப்பு. எந்தத் துணி, யாருக்கு, எந்த வண்ணத்தில் என்று கேட்கும் வடிவமைப்புப் படிப்புக்கு வேறொரு பூர்வீகம். ஜெர்மனியில் 1919ல் பௌஹவுஸ் என்ற கலைப் பள்ளி தோன்றியது. சேர வந்த பெண்களை, உங்களுக்கு இதுதான் பொருத்தம் என்று நெசவுப் பட்டறைக்கு ஒதுக்கினார்கள். ஒதுக்கப்பட்ட இடத்திலேயே அவர்கள் பெயர் வாங்கினார்கள். கூன்டா ஷ்டோல்ட்ஸ்ல் என்ற பெண்மணி 1927ல் அந்தப் பட்டறைக்கே தலைமை ஏற்றார். நம் தேசத்தில், சார்லஸ் ஈம்ஸும் அவர் மனைவி ரேயும் 1958ல் சர்க்காருக்குக் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1961ல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் ஏற்பட்டது. அங்கே ஜவுளி வடிவமைப்புப் படிப்பை உருவாக்கியவரும் ஒரு பெண். ஹெலனா பெர்ஹென்டுபா என்ற பின்லாந்து தேசத்தவர். மாணவர்கள் கைவினைஞர்களின் ஊருக்கே போய், பார்த்து, கேட்டு எழுதிவரும் வழக்கம் அந்தக் கழகத்தில் வேரூன்றியது. வாட்ஸன் வெட்டி ஒட்டிய துணியில் நெய்தவனுக்கு இடம் இல்லை. இங்கே அவன் வீட்டுத் திண்ணைக்கே வந்து மாணவன் உட்கார்ந்தான். நூறு வருஷத்தில் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறோம்.

பௌஹவுஸ் பெண்களின் கதையைப் படித்தபோதுதான் எனக்கு ஒரு சந்தேகம் தட்டிற்று. அடுத்த முறை வடகரைக்குப் போய்ப் பெரியவரிடமே கேட்டேன்.

"மாமா, உங்க வீட்டுல பொம்பளைங்க தறியில உக்காந்திருக்காங்களா?"

"அதெப்படி? தார் சுத்துவாக. பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுப்பாக. இழை அறுந்தாச் சேத்துவிடுவாக. தறி ஆம்பள உக்கார்ற எடம்லா!"

"உங்களுக்கு ஆம்பளப் பிள்ளைங்க?"

"மூணு பேரு. மூணு பேரும் கப்பலுக்குப் போனமாதிரி வெளிநாடு போயிட்டானுவ. ஒருத்தனுக்கும் நாடா பிடிக்கத் தெரியாது."

"அப்போ உங்க வீட்டுலேயே துணி படிக்கணும்னு ஆசப்பட்ட ஒரே ஆளு அந்தப் பேத்திதானா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், மூடினார்.

நான் அதுவரை அவர் கட்சியில்தான் இருந்தேன். சரித்திரம் அவர் பக்கம் நிறைய நியாயத்தை வைத்திருக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் அந்தக் குழி எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. அந்த வீட்டில் பிறந்த பெண், பாதித் தொழிலை ஆயுள் முழுதும் செய்துவிட்டு, நெசவாளி என்ற பெயர் இல்லாமலே போய்ச் சேர்ந்தாள். 2019-20ல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பில், நாட்டில் முப்பத்தைந்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள். அந்தப் பெண்களின் மகளுக்கும் பேத்திக்கும் தாத்தாவின் தறிக்குழி கொடுக்காத இடத்தைக் கல்லூரி பெஞ்சு கொடுக்கிறது. சமையலும் வீட்டு நிர்வாகமும் பெண்களுக்குப் போதும் என்று உலகம் நினைத்த நாளில், 1957ல் கோயமுத்தூரில் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியில் துணியும் ஆடையும் ஒரு பாடமாக நுழைந்தது. இன்று அதுவே பெண்களுக்கான நிகர்நிலைப் பல்கலைக்கழகம். சேலத்துப் பெரியார் பல்கலைக்கழகத்திலும், கோயமுத்தூர்ப் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் ஜவுளிக்கும் ஆடை வடிவமைப்புக்கும் தனித் துறைகள் உண்டு. ஹண்டர் தொடங்கிய பழைய கலைப் பள்ளி, அரசு கவின்கலைக் கல்லூரியாகி, ஜவுளி வடிவமைப்பில் பட்டமே கொடுக்கிறது.

நெசவாளி வீட்டுக்கென்றே திறந்த வாசல்களும் இருக்கின்றன. காசியில் 1956ல் ஒரு கைத்தறித் தொழில்நுட்பப் பள்ளி தோன்றியது. இரண்டாவது எங்கே வந்தது தெரியுமா? 1960ல், சேலத்தில்! சாட்டர்டனின் சாலையை மூடிச் சரியாக ஐம்பது வருஷம் கழித்து, அதே ஊரில். கோபித்துக்கொண்டு போன விருந்தாளி திரும்பி வந்த மாதிரி இருக்கிறது. மூன்று வருஷப் படிப்பு. நெசவாளர் பிள்ளைகளுக்கென்று இடம் ஒதுக்குகிறார்கள். 2016ல் ஜவுளி அமைச்சகம், திறந்தநிலைப் பள்ளியோடும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோடும் ஓர் ஏற்பாடு செய்தது. நெசவாளர் குடும்பத்துப் பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர் படித்தால் கட்டணத்தில் முக்கால் பங்கைச் சர்க்கார் ஏற்கும்.

இவ்வளவும் அறிந்த பிறகு, பெரியவருக்கு என்ன பதில் சொல்வது?

"மாமா, நீங்க கேட்டது நியாயம். உங்க கிட்டப் படிச்சவங்க உங்களுக்கு ஒண்ணும் திருப்பிக் கொடுக்கல. ஆனா அந்தக் கடனை வசூல் பண்ண உங்க வீட்டுலேருந்து யாராவது அங்க போயாகணும். பேத்தி போகட்டும். வெறுங்கையோட மட்டும் அனுப்பாதீங்க."

"பின்ன? கையில என்ன குடுத்து அனுப்ப?"

"உங்களுக்குத் தெரிஞ்சதை."

அவர் சிரித்தார். என் பேச்சை ஒப்புக்கொண்ட சிரிப்பா, எழுத்தாளன் பேச்சு இப்படித்தான் இருக்கும் என்கிற சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆடிக் கடைசியில் மறுபடி வடகரைப் பக்கம் போக நேர்ந்தது. திண்ணையில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். எதிரே தரையில் அந்தப் பெண், மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். கொங்கு நாட்டுக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்துவிட்டதாம். பத்து நாளில் புறப்படுகிறாளாம். இருவருக்கும் நடுவில் மூங்கில் பல் வைத்த பழைய அச்சு ஒன்று கிடந்தது. தறியை விற்றபோது பெரியவர் அதை மட்டும் எடுத்துப் பரணில் போட்டிருந்தாராம். இத்தனை நாள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

"அச்சு, விழுது, மிதி, பலகை, படமரம்..." என்று அவர் சொல்லிக்கொண்டு போனார். அவள் எழுதிக்கொண்டே வந்து நிமிர்ந்து, "இருங்க தாத்தா, படமரத்துல சின்ன ‘ர’வா, பெரிய ‘ற’வா?" என்று கேட்டாள்.

பெரியவர் திகைத்தார். ஐம்பது வருஷம் அந்த மரத்தில் துணியைச் சுற்றியவர் அவர். அதை ஒரு நாளும் எழுதிப் பார்த்ததில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சின்ன ‘ர’" என்றேன். அந்த முழுச் சரித்திரத்தில் நான் சொல்லிக் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.